திறந்த வயிற்றில் குடல் ஓட்டை: தைப்பதா, பையில் பிடிப்பதா, காத்திருப்பதா?

திறந்து வைத்திருக்கும் வயிற்றின் நடுவே குடலில் ஓட்டை விழுந்துவிட்டால், வார்டில் முதலில் எழும் கேள்வி "எப்போது தைத்து மூடுவீர்கள்?" என்பதுதான். உறவினர்கள் கேட்பார்கள், பயிற்சி மருத்துவர்களும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பல மாதங்கள் கழித்துத்தான் பதில் சொல்ல முடியும். அன்றைக்கே முடிவு செய்ய வேண்டியது வேறு: அந்த ஓட்டையிலிருந்து வருகிற குடல் நீரை இன்று இரவுக்குள் எங்கே போக வைக்கப் போகிறோம்? இதற்கு நாலைந்து வழிகள் உண்டு. எந்த நோயாளிக்கு எது பொருந்தும் என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. டியூட்டி டாக்டர்கள், டிரெஸ்ஸிங் செய்யும் செவிலியர்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தார் எல்லோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

வயிற்றைத் திறந்தே வைப்பது கவனக்குறைவால் இல்லை. குடல் வெடித்துச் சீழ் பரவியிருக்கும்போது, விபத்தில் ரத்தம் கொட்டியபோது, கடுமையான கணைய அழற்சியில், குடல் வீங்கிப்போயிருக்கும். வலுக்கட்டாயமாக இழுத்துத் தைத்தால் உள்ளே அழுத்தம் ஏறிச் சிறுநீரகமும் மூச்சும் கெடும். அதனால் தற்காலிகமாக ஒரு மூடியைப் போட்டுவிட்டு விடுவார்கள். 1984-ல் கொலம்பியாவின் போகோட்டா நகரில், சான் ஹுவான் தே தியோஸ் மருத்துவமனையில், ஒஸ்வால்டோ போர்ராயெஸ் என்ற மருத்துவர் சலைன் பையின் பிளாஸ்டிக்கை வெட்டி வயிற்றின் விளிம்பில் தைத்தார். இன்றும் அதைப் போகோட்டா பை என்றுதான் சொல்கிறோம். இந்த முறை எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. வெளியே தெரியும் குடல் காய்கிறது, டிரெஸ்ஸிங்கில் உரசுகிறது, ஒட்டிய இடத்தில் கிழிகிறது, உள்ளே போட்ட தையல் பிரிகிறது. வயிறு திறந்திருக்கும் ஒவ்வொரு நாளும் இந்த ஆபத்து கூடிக்கொண்டே போகும்.

குடலிலிருந்து வெளியே திறந்துகொள்ளும் ஓட்டையை ஃபிஸ்டுலா என்போம். மற்ற ஃபிஸ்டுலாக்களில் குடலுக்கும் தோலுக்கும் நடுவே சதையும் கொழுப்பும் இருக்கும். அதன் ஊடே போகிற பாதை நாளடைவில் சுருங்கித் தானாகவே மூடிக்கொள்ள வாய்ப்பு உண்டு. திறந்த வயிற்றில் அந்தப் பாதையே கிடையாது. குடலின் உள்தோல் நேராகக் காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். சுற்றி மூடிக்கொள்ளச் சதை இல்லாததால் இது தானாக மூடுவது மிக அரிது. "கொஞ்ச நாள் பட்டினி போட்டால் ஆறிவிடும்" என்ற நம்பிக்கை இங்கே எடுபடாது.

எந்த வழியையும் ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஓட்டை மேலாக இருக்கிறதா, ஆழத்தில் இருக்கிறதா? குடல்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, மேலே சிவப்பாகப் புதுச்சதை படர்ந்து, அதன் நடுவே ஓட்டை தெரிந்தால் அது மேலோட்டமானது. நீர் வெளியேதான் வரும். தொல்லை காயத்துக்கும் தோலுக்கும்தான். குடல்கள் இன்னும் ஒட்டாமல், ஓட்டை உள்ளே மறைந்து, நீர் வயிற்றுக்குள்ளேயே பரவினால் அது ஆழமானது. அது உயிருக்கே ஆபத்து. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசக் கூடாது. திறந்த வயிற்றுக்கான பியோர்க் வகைப்பாட்டிலும், குடல் கசிவு வயிற்றுக்குள் பரவும் நிலைக்கு ஒரு படியும், நிலைத்துப்போன ஃபிஸ்டுலாவுக்கு வேறொரு படியும் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்தது அளவு. 24 மணி நேரத்தில் 200 மி.லி.க்குக் கீழே என்றால் குறைவு, 500-க்கு மேலே என்றால் அதிகம் என்பது வழக்கமான கணக்கு. மேல் சிறுகுடலில் ஓட்டை விழுந்தால் லிட்டர் கணக்கில் வரும். "டிரெஸ்ஸிங் நனைந்திருந்தது" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதில் எந்தப் பயனும் இல்லை. எத்தனை மி.லி. என்று தெரியாமல் எவ்வளவு டிரிப் ஏற்றுவது, எந்த மருந்து வேலை செய்கிறது என்று முடிவு செய்யவே முடியாது. நீரைப் பிடிக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் பார்க்க வேண்டும்: அது அளக்க விடுகிறதா?

சரி, முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி: ஓட்டையைத் தைத்துவிடுவது. கண்ணுக்கு எதிரே தெரிகிறது, இரண்டு தையல் போட்டால் முடிந்தது என்று தோன்றும். புதிதாக விழுந்த சிறிய ஓட்டை, சுற்றிலும் நல்ல குடல், மேலே மூடத் தோலோ தசையோ கிடைக்கிறது என்றால் முயன்று பார்க்கலாம். மூடி எதுவும் இல்லாமல், வீங்கி நொய்ந்த குடலில் வெறும் தையல் போட்டால் பெரும்பாலும் பிரிந்துவிடும், ஓட்டை முன்பைவிடப் பெரிதாகும். பசை ஊற்றி அடைப்பதும் இதே கதைதான். சின்னஞ்சிறு ஓட்டையில், நீர் குறைவாக வரும்போது மட்டும் எப்போதாவது பலிக்கும்.

இதைவிடக் கெடுதலான ஒரு பழக்கம் இருக்கிறது. சிறுநீர் எடுக்கப் பயன்படும், நுனியில் பலூன் உள்ள ஃபோலி குழாயை ஓட்டைக்குள் விட்டு பலூனை ஊதிவிடுவது. முதல் நாள் கச்சிதமாக நீர் குழாயில் வரும், எல்லோருக்கும் நிம்மதி. அப்புறம் குழாயைச் சுற்றிக் கசியும். பெரிய குழாயாக மாற்றுவார்கள், மறுபடி கசியும். குழாயின் அழுத்தத்தில் ஓட்டை அகன்றுகொண்டே போகும், பலூன் குடல்பாதையையே அடைக்கவும் கூடும். நீரை வெளியே எடுக்கும் நோக்கத்தோடு ஓட்டைக்குள் குழாய் வைப்பதை, வேறு வழியே இல்லாத ஓரிரு நாள் தவிர, நான் ஏற்க மாட்டேன்.

ஆழமான ஓட்டைக்குச் சிறந்த வழி, முடிந்தால், அதற்கு மேலே உள்ள குடலை வயிற்றின் பக்கவாட்டில் வெளியே கொண்டுவந்து ஸ்டோமாவாக்கி, அதாவது தோலில் தைத்து வைத்த குடல் வாயாக்கி, நீரைத் திருப்பிவிடுவது. ஆனால் குடலைத் தாங்கும் சவ்வு தடித்துச் சுருங்கிப்போயிருப்பதால் பல நேரங்களில் குடல் தோல்வரை எட்டவே எட்டாது. அப்போது மிதக்கும் ஸ்டோமா என்ற முறை கைகொடுக்கும். போகோட்டா பை போன்ற பிளாஸ்டிக் தாளில் ஓட்டைக்கு நேராக ஒரு துளை வெட்டி, குடல் ஓட்டையின் விளிம்பையே அந்தத் துளையின் விளிம்போடு தைத்துவிடுவது. நீர் தாளுக்கு மேலே வரும், உள்ளே பரவாது. மேலே ஸ்டோமா பையை ஒட்டிக்கொள்ளலாம். 2002-ல் விபத்துச் சிகிச்சை மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். விலை உயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை என்பதால் சிறிய மருத்துவமனையிலும் செய்யக்கூடியது. கீழே குடல்கள் ஒட்டிப் புதுச்சதை வளரும்வரை தாக்குப்பிடித்தால் போதும். ஆழமான ஓட்டை மேலோட்டமான ஓட்டையாக மாறிவிடும்.

மேலோட்டமான ஓட்டைக்கு வருவோம். அன்றாடப் போராட்டம் பெரும்பாலும் இங்கேதான்.

மிக எளியது காஸ் துணியை அடுக்கி, நனைய நனைய மாற்றுவது. செலவு இல்லை என்று தோன்றும். ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை மாற்றும் செவிலியரின் நேரத்தையும், நோயாளியின் வலியையும், கணைய நொதிகள் அரித்துத் தீக்காயம்போல் ஆகிவிடும் தோலையும் கணக்கில் சேர்த்தால் இதுதான் எல்லாவற்றையும்விட விலை அதிகம். அளவும் தெரியாது. பக்கத்தில் ஒரு சக்‌ஷன் குழாயை வைத்தால் கொஞ்சம் மேல். அதுவும் குழாய் நேராகக் குடலில் படாமல் இருந்தால்தான்.

இரண்டாவது, பெரிய காயப்பை. முழுக் காயத்தையும் உள்ளடக்கும் அளவில், முன்பக்கம் திறக்கும் ஜன்னலோடு கிடைக்கும். காயம் சிறியதாகவும், சுற்றிலும் தட்டையான, உலர்ந்த தோல் ஓரளவு அகலமாகவும் இருந்தால் இதுவே போதும். நீரை அளக்கலாம், நோயாளி எழுந்து நடக்கலாம், வாடையும் அடங்கும். காயம் விலா எலும்பு ஓரம்வரையோ இடுப்பு எலும்புவரையோ போனால் பை ஒட்டாது. தொப்புள் குழி, பழைய தழும்பு, தோல் மடிப்பு இருக்கும் இடங்களில் ஸ்டோமா பேஸ்ட்டை நிரப்பிச் சமன்படுத்தினால் பிடிக்கும். தோலில் ஈரம் இருக்கும்போது அவசரமாக ஒட்டிவிட்டு, கசிந்ததும் "பை சரியில்லை" என்று சொல்வது அடிக்கடி நடக்கிறது. கழுவி, துடைத்து, ஹேர் டிரையரின் குளிர்ந்த காற்றில் உலர்த்தி, கையின் சூட்டால் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் அதே பை கூடுதல் நாள் நிற்கும். இதில் ஒரு குறை உண்டு. பைக்குள்ளே காயம் முழுவதும் குடல் நீரில் ஊறிக்கொண்டே இருக்கும், ஆறுவது மெதுவாகும்.

மூன்றாவது, எதிர்மறை அழுத்த சிகிச்சை. காயத்தில் ஃபோமை (ஸ்பாஞ்ச்) வைத்து, மேலே ஒட்டும் தாளால் மூடி, மெஷினால் உறிஞ்சுவது; வார்டில் வேக் டிரெஸ்ஸிங் என்று சொல்வது. இதை வைத்துப் பெரிய விவாதமே நடந்தது. ஃபோம் நேராகக் குடலில் பட்டால் புதிய ஓட்டை விழக்கூடும் என்ற பயம் நியாயமானது. ஆகவே குடலுக்கும் ஃபோமுக்கும் நடுவே ஒட்டாத ஒரு படலம் கட்டாயம் வேண்டும், ஓட்டைக்கு அருகே அழுத்தத்தைக் குறைத்து வைப்பது நல்லது. ஓட்டைக்கு மேல் ஃபோமை வைத்து உறிஞ்சி நீரை எடுக்கலாம் என்று நினைப்பதும் தவறு. கெட்டியான குடல் நீர் ஃபோமை அடைத்துவிடும். வேக்கின் உண்மையான பயன், ஓட்டையைக் காயத்திலிருந்து பிரித்துவிட்டு, மீதிக் காயத்தை உலர்வாக வைத்து ஆறவிடுவது.

பிரிப்பதற்குப் பல உத்திகள். ஃபோமை வளையமாக வெட்டி, மெல்லிய ஒட்டும் தாளால் சுற்றி, பேஸ்ட் தடவி ஓட்டையைச் சுற்றி வைப்பார்கள். வளையத்துக்கு வெளியே வழக்கமான ஃபோம், வளையத்துக்கு மேலே ஸ்டோமா பை. குழந்தைகளின் பால்புட்டி ரப்பர் காம்பைக் கவிழ்த்து, அகன்ற பக்கம் ஓட்டையைச் சூழும்படி வைத்து, நுனியை வெட்டிக் குழாயை இணைக்கும் முறையும் உண்டு. குழாய் காம்புக்குள் நிற்கும், குடலுக்குள் போகாது. சிறிய ஓட்டைக்குக் காம்பு, அகன்ற ஓட்டைக்கு வளையம் என்று வைத்துக்கொள்ளலாம். சரியாக அமைந்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். அதுவரை பத்து முறை துணி மாற்றிக்கொண்டிருந்த நோயாளிக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் இரண்டு மூன்று முறை தோற்கலாம். அதற்காகக் கைவிட வேண்டாம். எங்கே கசிந்தது என்று கவனித்து அந்த இடத்தை மட்டும் திருத்த வேண்டும்.

மெஷின் வாடகை கட்டுப்படியாகாத இடத்தில், கிருமி நீக்கிய ஸ்பாஞ்ச், மூக்கு வழியாக வயிற்றுக்குள் விடும் ரைல்ஸ் டியூப், ஒட்டும் தாள், சுவர் சக்‌ஷன் ஆகியவற்றை வைத்தே செய்கிறார்கள். செய்யலாம். ஆனால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மீட்டர் இல்லாத சக்‌ஷனைத் திறந்த குடல் இருக்கும் காயத்தில் மாட்டக் கூடாது. உறிஞ்சும் பாட்டிலில் ரத்தம் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

என் பரிந்துரை இது. காயம் பெரிது, நீர் அதிகம் என்றால் வேக்கோடு ஓட்டையைப் பிரித்து வைப்பதில் தொடங்குங்கள். சில வாரங்களில் காயம் முழுக்கச் சிவந்த புதுச்சதை வந்ததும், தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஓட்டையைச் சுற்றி ஒட்டிவிடுங்கள். தோல் பிடிக்கும் அந்த ஐந்தாறு நாள் மட்டும் ஒரு சொட்டு குடல் நீரும் அதன்மேல் படாமல் காக்க வேண்டும். அதற்கும் இதே வளைய முறை உதவும். தோல் பிடித்துவிட்டால் ஓட்டை ஏறக்குறைய ஒரு ஸ்டோமாவைப் போல ஆகிவிடும், சாதாரண ஸ்டோமா பையே ஒட்டும். வேக்கைக் கழற்றலாம், குளிக்கலாம், வீட்டுக்கும் போகலாம். காயம் சிறிது, நீர் குறைவு என்றால் நேராகப் பையில் தொடங்கினால் போதும், வேக் தேவையே இல்லை.

இனி உணவு. 1960-ல் எட்மண்ட்ஸும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், குடல் ஃபிஸ்டுலா வந்தவர்களில் 43 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். சீழ்த்தொற்று, உப்புச்சத்து இழப்பு, பட்டினி, இந்த மூன்றும்தான் காரணங்கள். 1968-ல் பென்சில்வேனியாவில் டட்ரிக் குழுவினர் ரத்தநாளம் வழியாகவே முழு ஊட்டமும் கொடுக்கலாம் என்று காட்டிய பிறகு நிலைமை பெரிதும் மாறியது. எனவே இந்த ரத்தநாள ஊட்டம், அதாவது டி.பி.என்., முதல் வாரங்களில் பலருக்கு உயிர்க்கயிறு. ஆனால் மாதக்கணக்கில் அதையே நம்பினால் குழாயில் தொற்று, கல்லீரல் கோளாறு, தாங்க முடியாத செலவு. வீட்டிலேயே டி.பி.என். ஏற்றும் ஏற்பாடு நம் நாட்டில் மிகச் சிலருக்குத்தான் கிடைக்கிறது.

வாய்வழியாகச் சாப்பிட்டால் நீர் அதிகமாக வரும், அது உண்மை. அதற்காக மாதக்கணக்கில் வாயைக் கட்டுவது சரியில்லை. ஓட்டை கீழ்ச் சிறுகுடலிலோ பெருங்குடலிலோ இருந்தால் சாப்பிட்டே சமாளிக்கலாம். மேலே இருந்தால், ஓட்டைக்குக் கீழே உள்ள நல்ல குடலுக்குள் குழாய் விட்டு அதன் வழியாக ஊட்டம் கொடுக்கும் முறை உண்டு. குழாய் கூடாது என்று மேலே சொன்னேன். இது வேறு நோக்கம், போகும் திசையும் வேறு. மென்மையான குழாயைக் கீழ்நோக்கிப் போகும் குடலில் மட்டும், எக்ஸ்ரேயில் பாதை பார்த்து, அடைப்பு இல்லை என்று உறுதி செய்து வைக்க வேண்டும். இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் 2004-ல் வெளியான அனுபவத்தில், இந்த முறையை முயன்ற 12 பேரில் 11 பேருக்கு டி.பி.என். தேவையில்லாமல் போனது. மேலே வடியும் குடல் நீரையே பிடித்து, கீழ்க்குடலில் திருப்பி விடுவதும் உண்டு. பார்க்க அருவருப்பாகத் தோன்றலாம். பித்தமும் நொதிகளும் உப்பும் வீணாகாமல் உடலுக்கே திரும்புகின்றன. டி.பி.என். எட்டாத நம் ஊர் நோயாளிகளுக்கு இந்த வழியை இன்னும் அதிகமாக யோசிக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

புரதம் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.5 முதல் 2 கிராம் வேண்டும். நீர் அதிகம் போகிறவருக்கு 2.5 கிராம்வரை போகலாம். கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுத்து இதை எட்ட முடியாது.

குடிக்கும் விஷயத்தில் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. உடம்பு வற்றுகிறதே என்று தண்ணீரும் இளநீரும் நிறையக் கொடுப்பார்கள். உப்பு குறைந்த திரவம் மேல் சிறுகுடலுக்குப் போனால், குடல் தன் சோடியத்தை அதற்குள் கசிய விடும். குடித்ததைவிட அதிகமாக வெளியே வரும், தாகமும் கூடும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. நீர் அதிகம் வடிகிறவர் இவற்றை அளவோடு நிறுத்திக்கொண்டு, உப்பு அதிகமுள்ள கரைசலைக் குடிக்க வேண்டும். லண்டனின் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனைக் கரைசல் ஒரு லிட்டர் தண்ணீரில் குளுக்கோஸ் 20 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சோடியம் பைகார்பனேட் 2.5 கிராம். எவ்வளவு குடிப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் கவனம். உப்பு போதுமா என்று பார்க்க, சிறுநீரில் சோடியம் அளந்தால் தெரிந்துவிடும். லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே என்றால் உடம்பு வற்றியிருக்கிறது.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக: அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் சாப்பாட்டுக்கு அரை மணி முன் லோபரமைடும் மலிவானவை, முதலில் இவற்றைத்தான் முயல வேண்டும். ஆக்ட்ரியோடைடு ஊசி நீரின் அளவைக் குறைக்கலாம், திறந்த வயிற்று ஓட்டையை மூடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சில நாளில் அளவு குறையவில்லை என்றால் அந்தச் செலவை நிறுத்தி, சாப்பாட்டுக்குத் திருப்பிவிடலாம்.

கடைசியாக அந்த முதல் கேள்வி. எப்போது மூடுவது? கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் 1983-ல் வெளியிட்ட ஆய்விலேயே, முதல் அறுவைக்குப் பின் சுமார் 10 நாளிலிருந்து ஆறு வாரம்வரை மறுபடி வயிற்றுக்குள் போவதுதான் மிக ஆபத்தானது என்று தெரிந்தது. அப்போது குடல்கள் ரத்தம் நிறைந்த, கெட்டியான ஒட்டுதலில் சிக்கியிருக்கும். ஓர் ஓட்டையை மூடப்போய் நாலு புதிய ஓட்டைகளோடு வெளியே வரலாம். திறந்த வயிற்று நோயாளிக்கு ஆறு வாரமும் போதாது. மூன்று மாதம் என்பது குறைந்தபட்சம், ஆறு மாதம் காத்திருப்பது இன்னும் நல்லது, பலருக்கு அதைவிடக் கூடுதலாகவும் வேண்டியிருக்கும். சீழ்த்தொற்று இருக்கிறவரை நாள் கணக்கே தொடங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்காட்டியைவிட வயிற்றையே பார்த்து முடிவு செய்வது நல்லது. ஒட்டிய தோலை இரண்டு விரலால் கிள்ளினால் கீழே உள்ள குடலை விட்டுத் தனியாக எழ வேண்டும். ஓட்டை ஸ்டோமாபோல வெளியே தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தால் இன்னும் நல்ல அறிகுறி. உள்ளே ஒட்டுதல் இளகியிருக்கிறது. எடை கூடியிருக்க வேண்டும், நோயாளி தானாக நடக்க வேண்டும். இவை இல்லாமல் "ஆறு மாதம் ஆகிவிட்டது" என்பதற்காகவோ, வீட்டில் ஒரு விசேஷம் வருகிறது என்பதற்காகவோ தேதி குறிக்கக் கூடாது.

அறுவையில் ஓட்டையின் விளிம்பை மட்டும் தைத்துவிட்டு வருவதைவிட, அந்தக் குடல் துண்டையே வெட்டி எடுத்து நல்ல முனைகளை இணைப்பதில் மறுபடி ஓட்டை விழுவது குறைவு. குடல் போதிய நீளம் இருக்கும்போது இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. வயிற்றுச் சுவரில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. தசை அடுக்குகளைப் பிரித்து நகர்த்தி, சொந்தச் சதையாலேயே நடுவில் சேர்க்க முடிந்தால் அதுவே மேல். புதுக் குடல் இணைப்புக்கு மேலே நல்ல ரத்த ஓட்டமுள்ள மூடி கிடைக்கும். சேரவில்லை என்றால், நிரந்தரச் செயற்கை வலையைக் குடல்மேல் வைக்கும் ஆசைக்கு இடம்கொடுக்க வேண்டாம். தொற்று ஏறினால் வலையே அடுத்த ஃபிஸ்டுலாவுக்குக் காரணமாகும். கரையும் வலையைப் போட்டுத் தோலை மட்டும் மூடிவிட்டு, பின்னால் வரும் குடலிறக்கத்தை ஒரு வருடம் கழித்துத் தனியாகச் சரிசெய்வது மெதுவான வழிதான். நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் அதை அறுவைக்கு முன்பே சொல்லிவிட்டால், வயிறு புடைத்துத் தெரியும்போது அறுவை தோற்றுவிட்டது என்று அவர்கள் பயப்பட மாட்டார்கள்.